விளிம்பில் எழுதிய பெயர்கள்
(உலகப் போர்க் கடற்பணிப் பதக்கங்களும் அவற்றுக்கு உரியோரும்)



கடலில் கப்பல்கள் செல்வதை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டுகின்றான். அக்கப்பல்களைச் செலுத்தியோரைக் குறிக்க நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல்லும் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததே. சுக்கான், சுக்கானி, சாரங்கு ஆகியனவும் அரபு, பாரசீக வழியாகத் தமிழ்க் கரைக்கு வந்து நிலைபெற்றவை. படையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்ற பாரசீகச் சொல் ஐரோப்பியர் வாயில் 'லஸ்கர்' ஆகி, இந்தியக் கப்பல் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பெயராயிற்று. நம் மாநிலத்தில் ஏரி மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியரையும் லஸ்கர் என்றே அழைப்பது ஒரு வேடிக்கை. கடலை விட்ட பிறகும் அச்சொல் தண்ணீரை விடவில்லை!

இரு உலகப் போர்களிலும் கடலில் பணியாற்றிய இத்தகையோருக்கு வழங்கப்பட்ட பதக்கங்களைப் பற்றியும், அவற்றைக் கொண்டு உரியவரைத் தேடும் முறையைப் பற்றியும் இவ்வாண்டு மலரில் எழுத எண்ணினோம். நம் ஜமாஅத்தார் வீடுகளிலும் பழைய மரப்பெட்டிகளின் அடியில், பாட்டனாரின் தொப்பிக்கும் நிலப் பத்திரத்துக்கும் இடையில், இன்னதென்று அறியப்படாத வெண்கல வட்டுகள் கிடக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

கடற்பணிக்குப் பதக்கம் அளிப்பது சென்னைக் கரைக்குப் புதியதன்று. 1876இல் துறைமுகப் பணி தொடங்குமுன் இங்குக் கப்பல்கள் கரையை நெருங்க இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டு சென்றவை மசூலாப் படகுகள். கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலையைப் பிளந்து சென்றவை கட்டுமரங்கள். ஆபத்தில் சிக்கியோரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்கும் கடிதங்களைப் பழுதின்றிச் சேர்த்தோருக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண நூல்கள் குறிப்பிடுகின்றன. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே சாந்தோம் நோக்கிச் செல்லும் வழியில் உள்ள நம் நொச்சிக்குப்பத்தில் இன்றும் படகேறும் மீனவச் சகோதரர்கள் அந்தத் தொழில் மரபின் வாரிசுகளே. ஆனால் அந்தப் பதக்கங்களைப் பெற்றவர்களின் பெயர்களைக் கேட்டால், நூல்கள் 'கட்டுமரக்காரன்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. இக்கட்டுரை முழுவதும் நாம் சந்திக்கப்போகும் துயரம் இதுதான்.

முதல் உலகப் போர் சென்னைக்கு வந்த நாள் 1914 செப்டம்பர் 22. அன்று இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், தளபதி கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில், துறைமுகத்தை நெருங்கி சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றின. நொச்சிக்குப்பத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவே ஆதலின், வடக்கு வானம் சிவந்ததை இக்கரையில் இருந்தோரும் கண்டிருப்பர். துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. நகரத்தார் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடினர். உயர்நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் நினைவுக்கல் உள்ளது. கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் உள்ளது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கும் தமிழில் நிலைத்தது. (அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்னும் கதை பலராலும் விரும்பிச் சொல்லப்படுவது. அதற்கு உறுதியான சான்று இல்லை.)

அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை அழித்தது. சிதைந்த கப்பலின் பெட்டகத்திலிருந்து 6,429 மெக்சிகோ வெள்ளி டாலர்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் சுமார் ஆயிரத்தை, சிட்னி நகரத்து நகைக்கடை ஒன்று மேலே மகுடம் பொருத்திப் பதக்கமாக்கிக் கொடுத்தது. சிட்னி கப்பலின் ஆட்களுக்கு அவை அளிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில விற்கப்பட்டன. இன்று அப்பதக்கங்கள் ஏலத்தில் நல்ல விலை போகின்றன. சிட்னி கப்பலில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் உள்ளது. ஆனால் எம்டன் வங்கக் கடலில் வரிசையாகப் பிடித்து மூழ்கடித்த வணிகக் கப்பல்களில் அடுப்பெரித்தும் தளம் கழுவியும் நின்ற இந்திய மாலுமிகளைப் பற்றி எழுதப்பட்டதோ மிகச் சொற்பம். அவர்களை 'கபிங்கா' என்ற கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார் முல்லர் என்ற ஒரு வரியோடு வரலாறு அவர்களை விட்டுவிடுகிறது.

இனிப் பதக்கங்களுக்கு வருவோம். முதல் உலகப் போரில் வணிகக் கப்பல்களில் ஆபத்தான கடற்பகுதியைக் கடந்து ஒரு முறையேனும் பயணம் செய்தவருக்கு இரண்டு பதக்கங்கள் உரியவை. ஒன்று வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். மற்றது வெண்கலத்தாலான வணிகக் கடற்படைப் போர்ப் பதக்கம். பின்னதின் முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. பின்புறத்தில் கொந்தளிக்கும் கடலில் செல்லும் நீராவிக் கப்பல், அதன் பின்னே மூழ்கும் நீர்மூழ்கியும் ஒரு பாய்க்கப்பலும். நாடாவின் நிறங்கள் பச்சையும் சிவப்பும், இடையே மெல்லிய வெள்ளைக் கோடு. இரவில் கப்பலின் வலப்பக்கம் எரியும் பச்சை விளக்கும் இடப்பக்கம் எரியும் சிவப்பு விளக்கும் பாய்மரத்து வெள்ளை விளக்குமே அவை என்பது கப்பலில் சென்றவருக்கு உடனே விளங்கும். இப்பதக்கம் மொத்தம் 1,33,135 பேருக்கு வழங்கப்பட்டது.

பதக்கத்தின் உண்மையான செய்தி முகப்பிலும் இல்லை, பின்புறத்திலும் இல்லை. அதன் விளிம்பில் உள்ளது. பெற்றவரின் பெயர் அங்குதான் பொறிக்கப்பட்டிருக்கும். தரைப்படைப் பதக்கங்களில் எண், பதவி, பட்டாளம் எல்லாம் இருக்கும். வணிகக் கடற்படைப் பதக்கத்திலோ பெயர் மட்டுமே. எண் இல்லை, கப்பல் இல்லை, ஊர் இல்லை. ஆங்கிலேயருக்கு முதற்பெயரும் குடும்பப் பெயரும் உண்டு, தேடலாம். 'ஷேக் இபுராகிம்' என்று மட்டும் விளிம்பில் இருந்தால் என் செய்வது? அக்காலத்தில் கப்பலேறிய ஷேக் இபுராகிம்கள் எத்தனை நூறு பேர்! அதிலும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். முகம்மது என்ற திருப்பெயரே நாலைந்து வகையாக எழுதப்பட்டிருக்கும். தாவூது, செய்யது, யூசுப் எல்லாம் அவ்வாறே.

ஆயினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. நம் மக்களின் பெயர்களுக்கு மண்வாசனை உண்டு. சாகுல் அமீது, நாகூர் மீரான், நாகூர் கனி போன்ற பெயர்கள் சோழமண்டலக் கரையைக் கைகாட்டுவன. மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்ற பின்னொட்டுகள் இன்னும் தெளிவானவை. ஆங்கிலத்தில் எவ்வளவு சிதைத்து எழுதினாலும் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே விளிம்பைப் படிப்போர் எழுத்துக்கூட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இலண்டனில் அமர்ந்து தேடும் சேகரிப்பாளருக்குக் கிட்டாத இந்த வசதி நமக்கு உண்டு.

அடுத்த படி ஆவணங்கள். இலண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதற்போரின் வணிக மாலுமிகள் பெற்ற பதக்கங்களுக்கான அட்டைகள் உள்ளன. அரச கடற்படையின் பதக்கப் பட்டியல்கள் தனியே உள்ளன. 1915ஆம் ஆண்டுக்குரிய கப்பல் ஆட்பட்டியல்களைப் பிரிட்டனின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் காப்பகமும் தொண்டர்களைக் கொண்டு பெயர்த்தெழுதி, எவரும் தேடும்படி இணையத்தில் வைத்துள்ளன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இந்திய மாலுமிகள் ஆங்கிலேயரோடு ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இந்தியத் துறைமுகங்களில் சாரங்கின் வாயிலாகத் தனி ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். அந்தத் தாள்களில் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. ஊதியமும் அப்படியே தனி. இரண்டாம் போர் தொடங்கும்போது ஆங்கில மாலுமியின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்றவர் பலர். 1939இன் இறுதியில் இலண்டன், கிளாஸ்கோ முதலிய துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்த பின்னரே அது சற்று உயர்ந்தது. பதக்கத்தில் மட்டும் சமத்துவம் காட்டினர் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் முழு உண்மையன்று. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வீரர்களுக்கு வெள்ளியிலும், இந்தியர், சீனர், மால்டாத் தீவினர் அடங்கிய தொழிற்படையினருக்கு வெண்கலத்திலும் அளிக்கப்பட்டது. அவ்வெண்கலப் பதக்கங்கள் சுமார் 1,10,000.

வெள்ளி என்பதே ஒரு கேடாயிற்று. வெள்ளிப் பதக்கம் தட்டார் பட்டறைக்குப் போகும். வெண்கலம் பெட்டியிலேயே கிடக்கும். 1979, 80ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது பிரிட்டனிலும் இப்பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. ஜோடி பிரிந்த வெண்கலப் பதக்கம் ஒரு வீட்டில் இருக்குமானால், அவ்வீட்டில் ஒரு காலத்தில் வறுமையோ மகளின் திருமணமோ வந்து போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பதக்கத்தை விற்றவர்களைக் காட்டிலும், விளிம்பைப் படித்து ஒரு தாளில் எழுதி வைக்காமல் விற்றார்களே என்பதே நம் வருத்தம். சென்னையில் இத்தகைய பொருள்கள் வந்து சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். 1985இல் அது எரிந்தபோது என்னென்ன போயிற்று என்று கணக்கிட்டவர் எவருமில்லை.

இரண்டாம் உலகப் போரில் பதக்கங்களின் தோற்றம் மாறியது. ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரங்கள் வந்தன. போர்க்களக் கடலில் பணி செய்தோருக்கு 1939-45 நட்சத்திரம், அட்லாண்டிக் கடலுக்குத் தனி நட்சத்திரம், வங்கக் கடலில் பணி செய்தோருக்குப் பர்மா நட்சத்திரம். பிரிட்டனில் வழங்கப்பட்ட நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. செலவு கருதி விட்டுவிட்டனர். இந்திய அரசு வழங்கியவற்றில் பெயர் பொறிப்பதே பொதுவழக்காக இருந்தது. ஆகவே அரச இந்தியக் கடற்படையினரின் பதக்கங்கள் தேடுவோருக்குப் பெரிதும் உதவுவன. எண், பெயர், பதவியின் சுருக்கம் மூன்றும் அவற்றில் கிடைக்கும். பதவிச் சுருக்கங்களில் பண்டாரி என்றால் சமையற்காரர், டோபாஸ் என்றால் துப்புரவாளர். இவற்றைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. குண்டு வீழ்ந்தபோது சமையற்காரரும் துப்புரவாளரும் அதே கப்பலில்தான் இருந்தனர்.

அக்கடற்படையின் புகழ்பெற்ற போர் 1942 நவம்பர் 11 அன்று நடந்தது. கண்ணிவாரிக் கப்பலான 'பெங்கால்', ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகச் சென்றபோது, தன்னினும் பலமடங்கு பெரிய இரு ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டது. ஹோக்கோக்கு மாரு என்ற கப்பல் வெடித்து மூழ்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் நிலைமை வேறு. ஏப்ரல் 6 அன்று ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசினர். வங்கக் கடலில் சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தனர். சென்னை மீண்டும் காலியாயிற்று. விலங்குகள் தப்பிவிடும் என்று அஞ்சி மிருகக்காட்சிச் சாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்ற கதை பலரும் அறிந்ததே. அவ்வேப்ரலில் நீரில் மிதந்தும் கரை ஒதுங்கியும் வந்த மாலுமிகளின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு கப்பலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். பெரியவர்களுக்கு 'ரஜூலா' கப்பலைத் தெரியாமலிராது. சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்றுவந்த அக்கப்பலில் பயணம் செய்யாத சபராளி குடும்பம் நம்மவரில் அரிது. 1973 வரை அது ஓடியது. ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் 'ரோனா'. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக, இதே மலாயாத் தடத்தில் ஓட்டுவதற்காக, 1926இல் கட்டப்பட்டவை. போர் வந்ததும் ரோனா படை ஏற்றும் கப்பலாயிற்று. 1943 நவம்பரில் ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு, அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்டது. நவம்பர் 26 பிற்பகலில் ஜெர்மன் விமானம் ஒன்று வானொலியால் இயக்கப்படும் புதுவகைக் குண்டை ஏவியது. ரோனா மூழ்கியது. இறந்தோர் 1,138 பேர். அவர்களுள் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். கப்பலின் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர்.

குண்டின் இரகசியம் காக்க அமெரிக்க அரசு இச்செய்தியைப் பல்லாண்டுகள் மறைத்தது. பின்னர் உயிர் பிழைத்த வீரர்கள் ஒன்றுகூடினர், நூல்கள் வந்தன, நினைவுச் சின்னம் எழுந்தது. அந்நினைவுகள் சிலவற்றில், படகுகள் துருப்பிடித்துக் கிடந்தன என்றும், இந்திய மாலுமிகள் தம் உயிரை மட்டும் பார்த்துக்கொண்டனர் என்றும் குறை கூறப்படுகிறது. குறை கூறியவர் கண்டதைக் கூறியிருக்கலாம். ஆனால் மறுபக்கத்தின் குரல் எங்கே? ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அன்று மடிந்திருக்க, தம் உயிரை மட்டும் பார்த்துக்கொண்டனர் என்பது எப்படிப் பொருந்தும்? அந்தச் சாரங்குகளும் கலாசிகளும் பண்டாரிகளும் எழுதிவைத்த நினைவு எதையும் எவரும் அச்சிடவில்லை. அவர்கள் சார்பில் எஞ்சியிருப்பவை நினைவேட்டில் உள்ள பெயரும், வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு நட்சத்திரமுமே. பதக்கத்தின் பின்னுள்ள மனிதரைத் தேடுவது பொழுதுபோக்கு அன்று என்று நாம் கருதுவது இதனால்தான்.

அந்த நினைவேடு எங்குள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். இலண்டன் டவர் ஹில் நினைவகத்தில் இரு போர்களிலும் கடலில் மறைந்த வணிக மாலுமிகளின் பெயர்கள் ஆயிரமாயிரமாக வெண்கலத்தில் வார்க்கப்பட்டுள்ளன. இந்திய மாலுமிகளின் பெயர்களை அங்குத் தேடிப் பயனில்லை. அவர்களுக்குரியது மும்பை மஸ்ஜித் பந்தர்ப் பகுதியில் 1931இல் கட்டப்பட்ட இந்திய மாலுமிகள் இல்லத்தில் உள்ளது. இரண்டாம் போரில் மறைந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயரேடு அங்கும், அதன் படி சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளன. முதற்போரில் மாண்ட வங்காள, அசாம் மாலுமிகள் 896 பேருக்குக் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் 1924இல் ஒரு நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. ஜெர்மனியில் சிறைப்பட்டு மடிந்த லஸ்கர்கள் சிலர், பெர்லினுக்குத் தெற்கே செரென்ஸ்டோர்ஃப் இந்திய மயானத்தில் அடங்கியுள்ளனர். அதன் அருகே வுன்ஸ்டோர்ஃபில் இருந்த 'பிறைச் சந்திர முகாம்' என்ற சிறையில்தான் 1915இல் ஜெர்மன் மண்ணின் முதல் பள்ளிவாசல் மரத்தால் கட்டப்பட்டது என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். முஸ்லிம் கைதிகளைத் தம்பக்கம் இழுக்கச் செய்த உபாயம் அது. ஆயினும் அங்குப் பாங்கொலி கேட்டது உண்மை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதற்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர் பல்லாயிரவரை வெள்ளையருக்கு நிகராக நினைவுகூரவில்லை என்று ஒப்புக்கொண்டது. நூறாண்டு கழிந்து வந்த சொல்.

கடலில் மாண்டவரின் பெயரைத் தெளிவாக அறிவது நமக்கு உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் நற்கூலி பெறுவார் என்பது நபிமொழி வழி வந்த செய்தி. அதே சமயம், கப்பலேறிச் சென்றவர் இறந்தாரா, எங்கேனும் உயிரோடிருக்கிறாரா என்பது தெரியாதவரை அவர் 'மஃப்கூத்'. மனைவி இத்தா இருக்க முடியாது, சொத்து பாகமாகாது. போர்க்காலத்தில் எத்தனை பெண்கள் அந்த நிலையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரணச் செய்தியும் பதக்கமும் வந்துசேர்ந்த வீடுகளில் துயரத்தோடு ஒரு முடிவும் வந்தது.

இன்னொரு பிரிவினரை விடலாகாது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' தளத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சியில் பங்கேற்றோர், இதே பதக்கங்களுக்கு உரிமை பெற்ற இளைஞர்களே. எம்.எஸ். கான் தலைமையிலும் மதன் சிங் துணைத் தலைமையிலும் போராட்டக் குழு அமைந்தது. சென்னையில் 'அடையாறு' தளத்தினரும் சேர்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்து வீடு திரும்பினர். அவ்வீடுகளில் அரசரின் தலை பொறித்த பதக்கம் பெருமையோடு மாட்டப்பட்டிராது என்பது சொல்லாமலே விளங்கும்.

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். பதக்கம் கிடைத்தால் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்க வேண்டா. விளிம்பின் எழுத்து தேய்ந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து எழுத்துகளைப் படித்து, உள்ளது உள்ளபடி ஆங்கில எழுத்திலேயே குறித்துக்கொள்க. திருத்தி எழுத வேண்டா. நாடா கிழிந்திருந்தாலும் களைய வேண்டா. நிறத்தைக் கொண்டே பதக்கத்தை இனம் காணலாம். பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலமும் நடுவே சிவப்பும் இருமருங்கும் ஆரஞ்சும் இருக்கும். இந்தியப் படையினருக்கு மட்டுமே உரிய இந்தியப் பணிப் பதக்கத்தில் வெளிர்நீலமும் கருநீலமும் கோடுகளாக இருக்கும். பின்புறத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் வரைபடத்தைக் காணலாம். உடன் கிடைக்கும் கப்பல் பணிச் சான்றேடு, மணியார்டர் துண்டு, துறைமுக முத்திரையிட்ட காகிதம் எதையும் எறிய வேண்டா. பதக்கத்தைவிட அவையே அதிகம் பேசும். முதற்போர்ப் பதக்கங்கள் நூறாண்டைக் கடந்துவிட்டமையால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வாங்க வரும் வெளியூர் அன்பர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.